பனிக்கும் வெயிலுக்கும் நடுவே இராஜரத்தினம்

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே, செத்துப்போன சூப்பர்வைசர் இராஜரத்தினம் வளைகுடாவின் புஜைராக் குளிர்கிடங்குக்கு டூட்டிக்கு வந்துவிட்டார். பஞ்ச் மட்டும் வைக்கவில்லை. உறைந்த கோழிப்பெட்டிகள் அடுக்கிய அறையிலிருந்து வெளியே வருவார், லாரி நிற்கும் முற்றத்து வெயிலில் நிற்பார், தாங்காமல் உள்ளே ஓடுவார், அங்கும் தாங்காமல் மறுபடி வெளியே. மீசையின் ஒரு பக்கம் பனி கட்டியிருக்கும், மறுபக்கம் கருகியிருக்கும். முதல் வாரம் பயந்தவர்கள் இரண்டாம் வாரம் போர்க்லிப்டை நிறுத்தி அவருக்கு வழிவிடப் பழகினார்கள். மூடிய கதவு வழியாகவே அவர் போய்வந்ததால் குளிர் வீணாகவில்லை. மேனேஜருக்கும் மனக்குறை இல்லை.

ஸ்டோர்கீப்பர் வினோஜனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும். முந்தைய கோடையில், சட்டப்படி எல்லோரும் நிழலில் இருக்க வேண்டிய மத்தியான ஓய்வு நேரத்தில், முதுகுளத்தூர்க் கார்மேகத்தைக் கண்டெய்னர் இறக்க அனுப்பினார் இராஜரத்தினம். அவன் வெயிலிலேயே சுருண்டு விழுந்து செத்தான். ரூமில் தூக்கத்தில் போய்விட்டான் என்று விசாரிக்க வந்தவர்களிடம் வினோஜன் சொன்னான். கார்மேகத்தின் மனைவி நாகவள்ளிக்கும் போனில் அதையே சொன்னான். அதற்காக இராஜரத்தினம் தன் பிரீசர் ஜாக்கெட்டை அவனுக்குக் கழற்றிக் கொடுத்தார். ரூமில் தூக்கத்தில் உண்மையாகவே போனது, அடுத்த வருடம், இராஜரத்தினம்தான்.

ஒருநாள் கடந்துபோகையில் அவர் வினோஜனின் தோளில் உரசினார். ஜாக்கெட்டில் ஒரு தடமும் இல்லை. உள்ளே சதை வெந்திருந்தது. எந்த மருந்துக்கும் எரிச்சல் அடங்கவில்லை. பாசையூர்க் கத்தோலிக்கனான அவன், தமிழ்ப் பூசைக்கு வரும் மன்னார் ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். ஃபாதர் ஆச்சரியப்படவில்லை. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்திய துறவிகள் இப்படியொரு பள்ளத்தாக்கை எழுதி வைத்திருக்கிறார்களாம்: ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் பனி, இரண்டிலும் நிற்க முடியாமல் மாறி மாறிப் பாயும் ஆன்மாக்கள். பாவியின் உடுப்பை வாங்கிக்கொண்டவனையும் அந்த நெருப்பு தொடுமாம்.

"எனக்குச் சொன்னது காணும்," என்றார் ஃபாதர். "இனி பொய் சொன்ன இடத்திலை போய்ச் சொல்லு."

நாகவள்ளி கம்பெனிக்கு எழுதினால் வேலை போகும், விசாவும் போகும். அந்தப் பயத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகள் எரிச்சலோடு கிடந்தான். பிறகு போன் போட்டான்.

"அப்ப அவரு வெயில்லயா போனாரு?"

"ஓம் அக்கா. நான்தான் பொய் சொன்னனான்."

நடந்துகொண்டே இருக்கும் இராஜரத்தினத்தைப் பற்றியும் சொன்னான்.

"நடக்கட்டும், தம்பி," என்றாள். போனை வைக்கப் போனவள் நிறுத்தினாள். "மத்தியானம் மட்டும் உக்காரச் சொல்லுங்க. அந்த நேரத்து வெயிலு யாருக்கும் வேணாம்."

மறுநாள் பன்னிரண்டரைக்கு வினோஜன் கதவடியில் நின்று, "அண்ணை, உங்களை நிழலிலை இருக்கட்டாம்," என்றான். ஷெட் நிழலில், கார்மேகம் வழக்கமாகப் படுக்கும் அட்டையில் இராஜரத்தினம் உட்கார்ந்தார். ஆட்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். மூன்று மணிக்குத் தானே எழுந்து பனிக்குள் ஓடினார்.

வினோஜனின் தோள் எரிவதில்லை, தழும்பு இருக்கிறது. ஜாக்கெட் இல்லாமல்தான் பிரீசருக்குள் போய்வருகிறான். செப்டம்பரில் கோடைக்கான ஓய்வுச் சட்டம் முடிந்து எல்லோரும் மத்தியானமும் வேலைக்கு எழுந்தபோதும் இராஜரத்தினம் மூன்று மணிவரை அட்டையிலேயே இருந்தார். நாகவள்ளி தேதி எதுவும் சொல்லவில்லை என்பதால் அவரை யாரும் எழுப்பவில்லை.