பூச்ச என்றால் பூனை

கேரள எல்லையை ஒட்டிய பனச்சமூடு சந்திப்பில் எங்கள் சாயாக்கடைக்கு வந்தவர்களுக்கு என் தொண்டையைத் தெரியும். வருகிறவர்களில் பாதிப் பேர் மலையாளத்தில் கேட்பார்கள். நான் அதை அந்த நொடியே தமிழாக்கி அடுக்களைக்குக் கத்துவேன். உள்ளே நிற்பது என் வீட்டுக்காரர் எலியா, சாத்தான்குளத்துக்காரர். இங்கே பெண்ணெடுத்து இருபது வருஷமாகியும் மலையாளத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவ்வளவு வீம்பு!

வலது காது எனக்குச் சின்னப் பிள்ளையிலேயே பொன்னுக்குவீங்கியோடு போய்விட்டது. மிச்சம் இடது காது ஒன்றுதான். இந்த வருஷம் அதிலும் இரைச்சல், கூடவே தலைசுற்றல். ஒரு நாள் சாயா கிளாஸோடு கீழே விழுந்தேன். திருவனந்தபுரத்துக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம்.

"செவியுடெ ஞரம்பில் ஒரு முழயாணு," என்றார் டாக்டரம்மா.

"எத்தனை முழம்?" என்று கேட்டாரே இந்த மனுஷன்! கட்டி என்று நான் சொன்ன பிறகுதான் அவர் முகம் செத்துப்போனது.

அபூர்வமான கட்டி, ஆனால் புற்று இல்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. எந்த வழியாக எடுப்பது என்று முடிவு செய்யக் காதைச் சோதிக்க வேண்டுமாம். கண்ணூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஜிஷா என்ற பெண் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கேட்பதைச் சொல்லச் சொன்னாள். நானும் ஒன்று விடாமல் சொன்னேன்.

முடிவைப் பார்த்த டாக்டரம்மா தயங்கினார். எனக்குச் சத்தம் கேட்கிறதாம், வார்த்தை புரியவில்லையாம். ஆட்களின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிறேனாம். எப்படியும் பயன்படாத காது என்பதால் உட்காது வழியாகவே போய்க் கட்டியை எடுப்பது சுலபம். பிறகு அந்தக் காதில் ஒன்றுமே கேட்காது.

எனக்கு வந்ததே கோபம்! "உதட்டப் பாத்தா? இவரு அடுக்களைக்குள்ள நிண்ணு மொனங்குனா எனக்குக் கேக்கும். இவருக்க உதடு செவரத் தாண்டியா வருது?"

கத்தி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. இருக்கிற ஒரு காதும் போனால் நான் என்ன செய்வேன்? ரொம்பப் பயந்துவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுபடி சோதிக்கச் சொல்லி, தானும் ஜிஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எலியா அவர்களுக்குப் பின்னால் நின்றார். ஜிஷா வாயை மறைத்துக்கொண்டு மைக்கில் சொல்ல ஆரம்பித்தாள்.

"பூச்ச."

"பூனை," என்றேன்.

"வெள்ளம்."

"தண்ணி."

"பஞ்சசார."

"சீனி."

"உப்பு."

"உப்பு." அதற்கு மட்டும், தமிழ் தெரியாத ஜிஷா தலையாட்டினாள்.

எலியா வெடித்துச் சிரித்தார். மைக் வழியே எனக்கும் கேட்டது. "ஏட்டி சத்தியா, யாருக்கு ஆர்டர் சொல்லுத? நான் இங்கல்லா நிக்கேன்!"

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஜிஷாவின் முகம் சிவந்துவிட்டது. "சேச்சி, கேட்டது அதுபோலத்தன்னெ பறயணம்!"

"அதத்தானே மக்கா சொன்னேன்! பூச்சண்ணா பூனைதானே?"

அதன்பின் கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். அருமையான காது என்று தெரிந்தது! உட்காதைத் தொடாமல், காதுக்குப் பின்னாலிருந்து போய்க் கட்டியை மட்டும் உரித்தெடுக்க முடிவு செய்தார்கள். நரம்பு தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது, முயற்சி செய்வோம் என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் முடிந்து நினைவு வந்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. தலையைச் சுற்றிக் கட்டு. ஒரு சத்தமும் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். அப்போது இடது பக்கம் யாரோ குனிகிற மாதிரி இருந்தது. எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி ஒரு குரல் தடுமாறி வந்தது.

"சத்தியா... வெள்ளம்... வேணோ?"

இருபது வருஷத்தில் அந்த மனுஷன் பேசிய முதல் மலையாளம்! கரகரத்த தொண்டையோடு, கண்ணைத் திறக்காமலே, வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"தண்ணி ஒண்ணு!"