மேலாளர் ஊற்றிய தண்ணீர்

ஆலையில் மேலாளருக்கு வைத்த பட்டப்பெயர் பவர்பாயிண்ட். மணிக்கணக்கில் படம் போட்டு விளக்குவார், ஸ்பேனரைத் தொட மாட்டார். கருவிப் பிரிவு டெக்னீஷியன் லீவில் போன வாரம் மட்டும் எந்தப் புண்ணியவான் உசுப்பிவிட்டானோ, கை வைத்துவிட்டார்.

ஆலையின் மூடிய தொட்டி ஒன்றில் மட்டம் காட்டும் டிரான்ஸ்மிட்டர் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதன் அழுத்தத்தையும், பக்கத்துக் குழாயில் நிரப்பிய கிளைகால் என்ற கனத்த திரவத்தின் அழுத்தத்தையும் ஒப்பிட்டுத்தான் மட்டம் சொல்லும். குழாய் கசிந்து காலியானதும், கிளைகால் தேடச் சோம்பல்பட்ட மகானுபாவர் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். அதற்கேற்ப டிரான்ஸ்மிட்டரில் கணக்கை மாற்றவும் இல்லை.

லீவு முடிந்து அந்த டெக்னீஷியன் பெண் திரும்பி வந்த காலையில் பம்பு கதறிக்கொண்டிருந்தது.

"சார், தொட்டி காலி. பம்பு காஞ்சு ஓடுது."

"திரையைப் பாரும்மா. பத்து சதவீதம் இருக்கு."

"கிளைகாலை விட தண்ணி லேசு சார். குழாய்ல கனம் குறைஞ்சதை அது தொட்டியில மட்டம் ஏறினதா நினைச்சுக்குது."

"குழாய் நிறைஞ்சிருக்கில்ல? எதுவா இருந்தா என்ன? எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் நேராகப் போய்ப் பம்பை அணைத்தாள். அவர் மேசையிலிருந்த காபிக் கப்பை எடுத்துப் போய், தொட்டியின் அடிவால்வுக்குக் கீழே பிடித்து முழுசாகத் திறந்தாள். உஸ்ஸென்று காற்றுதான் வந்தது, ஒரு சொட்டு விழவில்லை.

திரும்பி வந்து கப்பை அவர் கையில் திணித்தாள்.

"இந்தாங்க சார், உங்க பத்து சதவீதம். சிந்தாம எடுத்துட்டுப் போங்க."