நாலாயிரத்து எண்பத்தேழு

மாரிகுப்பம் கேம்பில் புதுப் பில்லை வாங்குகிறவன் முதலில் என்னிடம்தான் வருவான். சுரங்கத்தில் இறங்குமுன் காட்ட வேண்டிய பித்தளைத் துண்டு அது. ஆளின் நம்பர் வெட்டியிருக்கும். அந்த நம்பர் ஒன்றைத் தவிர வேறொரு எண்ணால் மீதியில்லாமல் உடையுமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். உடையாவிட்டால் ஒண்டி நம்பர். ஒண்டிக்காரனோடு எவனும் ஜோடி சேரமாட்டான்.

இதைக் கிளப்பிவிட்டதே நான்தான். போன வருஷம் பாறை சரிந்து இரண்டு பேர் செத்தார்கள். பில்லை 1009, 2003. இரண்டும் எதாலும் உடையாத எண்கள் என்று, மிஷன் பள்ளியில் கணக்குப் படித்த பவிசைக் காட்டச் சாராயக்கடையில் உளறினேன். ஒரு வாரத்தில் அது சட்டமாகிவிட்டது.

பழைய பில்லை தொலைந்து முனியப்பன் புதிதாக வாங்கிக் கொண்டுவந்தது 4087.

அறுபத்து நாலை அறுபத்து நாலால் பெருக்கினாலே 4087-ஐத் தாண்டிவிடும்; அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று கரியால் தரையில் வகுத்துக்கொண்டே போனேன். ஐம்பத்தொன்பதுக்கு மீதி பதினாறு. அறுபத்தொன்று மட்டும்தான் பாக்கி. ஆட்களை உள்ளே இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் கிளம்ப மணி அடித்தது. பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்டி" என்றேன்.

முனியப்பன் சம்மட்டி அடிக்க, ஐந்து வருஷமாகத் துளைக்கம்பி பிடித்தவன் அவன் மச்சான் ராஜப்பா. அவன் மெல்ல நகர்ந்துகொண்டான்.

"தப்பா எடுத்துக்காத மச்சான். எனக்குப் புள்ளைங்க கீது."

"எனக்கு மட்டும் இன்னா, பூனைக்குட்டியா கீது?"

யாரோ சிரித்தார்கள். ஜோடியில்லாதவனுக்குத் துளை போடும் வேலை கிடையாது. மேஸ்திரி முனியப்பனைத் தனியாக சாப்டு என்ற சுரங்கக் கிணற்றின் அடியில் தண்ணீர் இறைக்க அனுப்பினார்.

அன்று சாயங்காலமே அறுபத்தொன்றையும் போட்டுப் பார்த்தேன். அறுபத்தேழு தடவை. மீதியில்லை. காலால் அழித்தேன். சொன்னால், இதுவரை சொன்னதெல்லாம் சரியா என்று கேட்பார்கள். சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் முனியப்பன் கந்தல் சுற்றிய கால்களோடு வந்தான். தண்ணீரில் ஊறி விரலிடுக்குகள் வெந்து தோலுரிந்திருந்தன.

"சுந்தரராசு, பில்லைய மாத்திக் குடுக்கச் சொல்லி தொரைக்கு இங்கிலீசுல ஒரு மனு எழுதிக் குடேன். உன்னெ உட்டா யாரு கீறாங்க எனக்கு?"

அவன் காலைப் பார்த்தேன்.

"மனு வேணாண்ணா. அது உடையுது. அறுபத்தொண்ணால."

கேஜுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ராஜப்பா கிட்டே வந்தான்.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்குச் சாயந்தரமே."

யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

முனியப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "கணக்கு தப்பாச்சின்னா உட்ருவேன். தெனம் என் காலைப் பாத்துக்கினே போனியேப்பா."

ராஜப்பா அவன் கையைப் பிடித்தான். முனியப்பன் உதறிவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்பராஜுக்கும் ஒண்டின்னியே. பொண்டாட்டி புள்ளையோட வேலைய உட்டுட்டுப் போனானே. அந்தக் கணக்கையாவது முழுசாப் போட்டியா?"

இன்பராஜின் நம்பர் என்ன என்பதே எனக்கு ஞாபகமில்லை.