குயிலுக்கும் நெட்டைக்கும் நடுவே எத்தனை சொல்

சோடாவுக்குத் தன் மனைவி மேல் சந்தேகம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேசையில் வைத்த டீ ஆறுவதற்குள். அதற்கு முன்னால் அவனிடம் இருந்தது வெறும் பொறாமைதான். பொறாமையோடு ஒரு மனுஷன் காலம் தள்ளிவிடலாம். நம்மில் பல பேர் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அவன் வேலை பார்த்தது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில், கம்ப்யூட்டர் பிரிவில். பிரிவு என்று பெருமையாகச் சொன்னாலும் அதில் இருந்தது அவன் ஒருத்தன்தான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் சோடா. அங்கே யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வயர்லெஸ்ஸில் ஒரு பெயரைச் சொன்னால் நாலு பேர் "சொல்லுங்க" என்று வந்து குழப்பியதால், ஆளுக்கொரு கூப்பிடு பெயர் வைத்து, எழுதுகிற குறிப்புகளிலும் அதையே போட வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்துகொண்டு மெக்கானிக்குகளை இங்கே போ, அங்கே போ என்று அனுப்புகிறவள் அவன் மனைவி. அவளுக்கு அங்கே பெயர் குயில்.

அந்தப் பெயரை வைத்தவன் நெட்டை. நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். கம்பெனியிலேயே கெட்டிக்கார மெக்கானிக். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுகிறவர்களை வெளியே நின்று பேசிப் பேசியே சிரிக்க வைத்துவிடுவான். அவன்தான் ஒருநாள் வயர்லெஸ்ஸில், "குரலா இது? குயிலு!" என்று சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. சோடாவுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கட்டினவனான தனக்கு அவளுக்கொரு செல்லப்பெயர் வைக்கத் தோன்றவில்லை. எவனோ ஒருத்தன் வைத்த பெயரைச் சொல்லி, ஆபீஸில் தானும் அவளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று பொருமினான். பொருமலை யாரிடமும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தேடல் வேலை அவன் தலையில் விழுந்தது. கம்பெனியில் பழுதுக் குறிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கட்டடத்துக்கு ஒரு கோப்பு. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறிப்புகள். பழைய தேடலில் 'கதவு சத்தம்' என்று தட்டினால், முதல் பக்கத்தில் கதவும் கடைசிப் பக்கத்தில் சத்தமும் இருக்கிற கோப்பெல்லாம் முந்திக்கொண்டு வந்து நிற்கும். நிஜமாகவே கதவு சத்தம் போடுகிற கட்டடம் எங்கேயோ அடியில் கிடக்கும். மேனேஜர் கத்தினார்.

சோடா செய்தது இதுதான். கோப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசையாக எண் கொடுத்தான். தேடுகிற இரண்டு சொற்களின் எண்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றனவோ, அந்தக் கோப்பு அவ்வளவு மேலே வரும்; பத்து எண்ணுக்கு மேல் தள்ளி இருந்தால் வரவே வராது. ஒட்டி உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கத்தான் வேண்டும் என்கிற பஸ் ஸ்டாண்டு நியாயம். பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

முடித்ததும் முதல் வேலையாக அவன் தட்டிப் பார்த்தது 'சோடா குயில்'. கோப்பு கோப்பாக வந்து விழுந்தது. எல்லாவற்றிலும் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில், நடுவே ஒரு சொல்கூட இல்லாமல். அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவளிடம் போய்ச் சொன்னான்.

"நாம ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே இருக்கோம். மெஷினே சொல்லுது."

"அத மெஷின் சொல்லித்தான் தெரிஞ்சுக்கணுமா நீங்க?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்கிறதுக்கென்றே சில பேர் பிறக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை, டீயை மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு 'குயில் நெட்டை' என்று தட்டினான்.

'சோடா குயில்' தட்டியபோது வந்ததைப்போலப் பல மடங்கு வந்தது. பக்கம் பக்கமாக வந்தது. எதை எடுத்தாலும் குயிலை உரசிக்கொண்டு நெட்டை.

ஒவ்வொரு முடிவின் கீழும் தேடல் ஒரு துணுக்கு காட்டும். இடம் மிச்சமாகட்டும் என்று புள்ளி, வரி முடிவு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரே ஓட்டமாகக் காட்டும்படி செய்தவன் அவனேதான். தேடிய சொற்கள் மட்டும் மஞ்சள் பூசிக்கொண்டு தெரியும். படித்தான்.

'...ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்கள் சீக்கிரம் வரவும் குயில் நெட்டை இதோ வந்துவிட்டேன்...'

'...உங்களால்தான் முடியும் குயில் நெட்டை நான் இருக்கும்போது என்ன கவலை...'

காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே மஞ்சளைப் பூசியதே காமாலைக்காரன்தான். முழுக் கோப்பையும் திறந்து பார்க்க ஒரு தட்டு தட்டினால் போதும். அவன் தட்டவில்லை. பொறாமைக்காரனுக்குத் துணுக்கே விருந்து, முழுச்சாப்பாடு எதற்கு? டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான். வயர்லெஸ்ஸில் பேசும்போது அவள் சிரித்தால், எதிர்முனையில் யார் என்று சுவருக்கு இந்தப்பக்கம் காதை வைத்தான். வீட்டில் அவள் பாட்டு முணுமுணுத்தால் ஆத்திரம். முணுமுணுக்காமல் சும்மா இருந்தால், எதை நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள் என்று அதைவிட ஆத்திரம். நெட்டை வழியில் பார்த்து, "என்னண்ணே, இளைச்சுட்டீங்க?" என்று அக்கறையாகக் கேட்டதற்கு, 'ஏன் இளைக்கமாட்டேன்' என்று மனசுக்குள் பல்லைக் கடித்தான்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் வெடித்தே விட்டான்.

"உன் பேரும் நெட்டை பேரும் ஒவ்வொரு கோப்புலயும் ஒட்டிக்கிட்டு நிக்குது. நான் சொல்லல. மெஷின் சொல்லுது."

அவள் கையில் இருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. "நான் அனுப்புறவ. அவரு போறவரு. எங்க பேரு பக்கத்துல இல்லாம வேற யாரு பேரு இருக்கும்?"

"இவ்வளவு பக்கத்துலயா?"

அவள் சட்டையை மடித்து முடித்து, அவன் துணிகளை ஒரு பக்கமும் தன் துணிகளை ஒரு பக்கமுமாக அடுக்கிவைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் அப்படிப் போனது அவனுக்கு இன்னொரு ஆதாரமாகப் பட்டது.

மறுநாள் அவன் ஒரு குறிப்பு எழுதினான். அந்தக் கம்பெனியில் வேலை மாற்றம் கேட்பதானாலும், பழுதுக் குறிப்பு எழுதுகிற அதே பெட்டியில்தான் எழுத வேண்டும்; அது யார் கண்ணிலும் படாமல் மலையோடு மலையாகச் சேர்ந்துவிடும். விபத்து விசாரணை ஏதாவது வந்தால் வேண்டியிருக்கும் என்று, எழுதியதை யாரும் அழிக்க முடியாதபடி செய்திருந்தார்கள். எழுதியது எழுதியதுதான். 'குயில், நெட்டை இருவரையும் ஒரே ஷிஃப்டில் வைக்க வேண்டாம். தேவையில்லாத பேச்சு அதிகம். வேலை கெடுகிறது. சோடா.'

மேனேஜருக்கு அன்று என்ன அவசரமோ, விசாரிக்கவும் இல்லை. நெட்டையை நகரத்தின் இன்னொரு கோடியில் இருந்த கிளைக்கு மாற்றிவிட்டார். போகிறபோது அவன் கட்டுப்பாட்டு அறை வாசலில் குனிந்து, "வரேன் குயிலு, நல்லா இரு" என்றான். எப்போதும் போடுகிற சிரிப்பு அன்று அவன் முகத்தில் இல்லை.

"யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க," என்றாள் அவள் வீட்டில். "நல்லா வேலை செய்யுற மனுஷன். யாருன்னு மேனேஜர் வாயத் திறக்கமாட்டேங்குறார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றான் சோடா. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் மேனேஜரே தேடலில் உட்கார்ந்து, ஒரு சோதனைக்கு, 'கயிறு அறுந்தது' என்று தட்டினார். முதலாவதாக ஒரு ஏழு மாடிக் கட்டடம் வந்து நின்றது. லிஃப்டுக்குக் கயிறு அறுந்தது என்றால் விளையாட்டா? அவருக்கு வியர்த்துவிட்டது. உடனே லிஃப்டை நிறுத்தச் சொல்லி, ஆளை விரட்டி, ஒரே அமளி. போய்ப் பார்த்தவன் கயிறு குத்துக்கல் மாதிரி இருக்கிறது என்று சொன்னான். அதற்குள் அந்தக் கட்டடத்தில் கால்வலிக்காரர்களெல்லாம் ஏழு மாடி ஏறி முடித்து, கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் போட்டு, குயிலை வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார்கள்.

அவள் நேராக சோடாவின் அறைக்கு வந்தாள். கோப்பை முழுசாகத் திறந்து, விரலை வைத்துக் காட்டினாள். "படிங்க. இது நான் எழுதினது. 'பெல் அடிக்கவில்லை. கூடவே பார்க்க வேண்டியது கயிறு.' அதோட முடிஞ்சுது, கீழ என் பேரு. இது வேற குறிப்பு. மறுநாள் நெட்டை எழுதினது. தன் பேரப் போட்டுட்டு, 'அறுந்தது பெல் ஒயர்தான். மாற்றிவிட்டேன்.' என் கயிறையும் அவரோட அறுந்ததையும் யாரு ஒண்ணா சேர்த்தது? மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுதே உங்க மெஷின்!"

சோடா பார்த்தான். கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் குறிப்பின் கடைசியில் பெயர் போடுவார்கள். பதில் எழுதுகிறவர்கள் பெயரில் ஆரம்பிப்பார்கள். அதுதான் அங்கே வழக்கம். அவனோ ஒரு குறிப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எண்களை நிறுத்தாமல், விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டிருந்தான். அவள் ஒருநாள் கடைசியாக எழுதிய சொல்லும், நெட்டை இன்னொரு நாள் முதலாவதாக எழுதிய சொல்லும் அடுத்தடுத்த எண் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. கயிறுக்கும் அறுந்ததுக்கும் நடுவே நின்றவை இரண்டே சொற்கள். குயில். நெட்டை.

வாசல்வரை போனவள் நின்றாள். அவளுக்கும் உறைத்துவிட்டது.

"அப்போ அன்னிக்குச் சொன்னீங்களே, ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு..."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"சரி பண்ணுங்க," என்றாள். "நானே வந்து பாக்குறேன்."

சரி பண்ணுவது பெரிய வித்தை இல்லை. ஒரு குறிப்பு முடிந்ததும் நூறு எண்களைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வரி. எழுதிவிட்டு, எல்லாக் கோப்பையும் மறுபடி எண்ணவிட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணி முடிந்தது.

பயந்துகொண்டே 'சோடா குயில்' என்று தட்டினான். ஒன்றுகூட இல்லை. அவளிடம் சொல்லிப் பெருமைப்பட்டானே, அந்த ஒட்டலெல்லாம் இதே கோளாறுதான். 'கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை' என்று அவள் எழுதி முடித்த இடத்தில், 'சோடா, சரி செய்தாயிற்று' என்று அவன் ஆரம்பித்திருந்தான். அடுத்து 'குயில் நெட்டை' என்று தட்டினான்.

அத்தனை பக்கமும் போய், ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. மஞ்சள் பூசிக்கொண்டு, நடுவே சொல்லே இல்லாமல், இரண்டு பெயரும். 'குயில், நெட்டை இருவரையும் ஒரே ஷிஃப்டில் வைக்க வேண்டாம்...' கீழே அவன் பெயர்.

காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வது என்பதை அவன் அன்றுதான் நேரில் பார்த்தான். அழிக்க முடியாது. ஆனால் தேடலில் தெரியாமல் செய்ய முடியும். அதற்கும் ஒரே ஒரு வரி போதும். அவசர அவசரமாக அந்த வரியைத் தட்ட ஆரம்பித்தான். நல்லவனாக இருந்தால் தட்டியிருக்கமாட்டான் என்று சொல்லலாம்தான். பாதி தட்டுவதற்குள் மேனேஜர் குயிலைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"நீயே பாத்துச் சொல்லும்மா. உனக்குச் சரின்னு பட்டா நாளைக்கே எல்லாருக்கும் திறந்துவிட்டுடலாம்."

அவள் உட்கார்ந்தாள். 'கயிறு அறுந்தது' தட்டினாள்; அந்த ஏழு மாடிக் கட்டடம் கண்ணிலேயே படவில்லை. 'கதவு சத்தம்' தட்டினாள். வரவேண்டியதெல்லாம் வரவேண்டிய வரிசையில் வந்தது. மேனேஜர் தலையாட்டினார். பிறகு அவள் சோடாவைத் திரும்பிப் பார்க்காமல் 'குயில் நெட்டை' என்று தட்டினாள்.

வந்ததைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"நல்லா வேலை செய்யுது சார்," என்றாள் அவள், குரல் கொஞ்சமும் பிசகாமல். அப்புறம் கணவன் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷக் குறிப்புல எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வச்சவரு நீங்க ஒருத்தர்தாங்க."



அவள் அந்த இருக்கையிலிருந்தே, அவன் குறிப்புக்குக் கீழே, தன் குறிப்பை எழுதினாள். 'மேலே சொன்னது பொய். நெட்டையைத் திரும்ப இங்கே போடவும். என்னை அந்தக் கிளைக்கு மாற்றவும். குயில்.' எழுதிவிட்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் குரல் கேட்டது. ஏதோ கட்டடத்துக்கு யாரையோ அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மேனேஜரும் போன பிறகு சோடா அந்த இருக்கையில் உட்கார்ந்தான். அவள் குறிப்புக்குக் கீழே எழுதினான். 'சோடா. தவறு முழுவதும் என்னுடையது. அவளை மாற்ற வேண்டாம். போக வேண்டியவன் நான்.' திரையில் அவள் பெயருக்கு நேர் கீழே, தொட்டுக்கொண்டு, அவன் பெயர் இருந்தது. புதுக் குறிப்பும் எண்ணில் சேரும்வரை காத்திருந்து, 'சோடா குயில்' என்று தட்டினான்.

எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.