கீழே வைக்கிற மருந்து

நோன்பின் நான்காம் நாள் என் கணவர் அஸாருதீன் நோன்பை விட்டார். வயிற்றில் புண். மதியம் சுருண்டு படுத்தவருக்கு மருந்தும் பாலும் கொடுத்தது நான்தான். என் மாமனார் பக்கீர் முகம்மதுவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஒரு நா பசி தாங்காதவன் என் பக்கத்துல உக்காந்து நோன்பு தொறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு விடாமல் நோன்பு பிடித்தும், என் கணவர் கடையின் பின்கட்டில் தனியாகவே கஞ்சி குடித்து நோன்பு திறந்தார். எனக்கு வயிறெரிந்தது. ஆனால் செம்பனைத் தோட்டத்து வாசலில் நாற்பது வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவரிடம் யார் வாய் கொடுப்பது?

மறுநாளே மாமாவுக்கு மூலம் முற்றியது. மந்தின் டவுன் கிளினிக்கில் பின்புறம் செருகுகிற மருந்து கொடுத்தார்கள், நாளுக்கு இரண்டு. நான் ஃபார்மசியில் வேலை பார்ப்பதால் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"சப்போசிட்டரின்னா என்னம்மா ஷஃபீகா?"

"லத்தீன் வார்த்தையில இருந்து வந்தது மாமா. கீழே வைக்கிறதுன்னு அர்த்தம்."

"வைக்கிறதுதானே? திங்கிறது இல்லையே?"

"ஐயோ, வாயில போடவே கூடாது லா!"

திருப்தியாகத் தலையாட்டினார். இரவில் ஒன்று, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு முன் ஒன்று வைப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மாமனாரிடம் அதற்கு மேல் அந்தப் பேச்சைப் பேச வெட்கம்.

மருந்து தொடங்கி ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் எனக்கு லீவு. மாமா மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஐஸ்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பகல்லயா வைக்கிறீங்க? பள்ளிவாசல் உஸ்தாத்கிட்ட கேட்டீங்களா மாமா?"

"எதுக்கு? நீதானே சொன்னே, திங்கிறது இல்ல, வைக்கிறதுன்னு."

இருந்தாலும் மருந்தைத் திரும்ப வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். உஸ்தாத் லத்தீனைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லையாம். அந்த வழியாக உள்ளே போனாலும் நோன்பு முறியும், ஒன்பது நோன்பையும் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இவருக்குத்தான் எத்தனை பொருத்தம்! ஆனால் திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. கல்லாவில் உட்காராமல் சாயங்காலம் அஸர் தொழுகை வரை வாசலிலேயே நின்றார்.

நோன்பு திறக்கிற மக்ரிப் நேரம் நெருங்கியது. பாய் விரித்துக் கஞ்சி வைத்திருந்தோம். மாமா உட்காரவில்லை. தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். நான் பேரீச்சம்பழத் தட்டோடு பின்னால் ஓடினேன். என் கணவர் பதறி எழுந்தார். மாமா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தானும் அரிசி மூட்டை மேல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒம்போது" என்றார். "பெருநாள் முடிஞ்சதும் சேந்தே புடிச்சிடலாம்."

பாங்கு சொல்ல இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"வயிறு இப்ப எப்படிடா இருக்கு?"

"தினமும் வலிக்குதுத்தா" என்றார் என் கணவர். என்னிடம் நன்றாகிவிட்டதென்றே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தார்.