போர்வைக்குள் வைத்த பை

லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டுச் சாக்கடை நாறினாலும் முதலில் மூக்கைப் பொத்துவது கோகிலாதான். ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அது எல்லாருக்கும் தெரியும். அவளுடைய மாமனார் இருளப்பன் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவளா பக்கத்தில் நிற்பாள் என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். நின்றாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரி வாட்டில் அவளுக்கு எல்லாமே அசிங்கம். கட்டிலுக்கடியில் பூனை. பக்கத்துக் கட்டில்காரர் காறித் துப்பிய கிண்ணம். எல்லாவற்றையும்விட, மாமா கட்டிலோரம் மஞ்சளாகத் தொங்கிய அந்த மூத்திரப் பை.

"ஒடம்புல சத்தே இல்ல. கிருமி தொத்துனா தாங்கமாட்டாரு. காய்ச்சல் வரலேன்னா சீக்கிரமா வீட்டுக்குப் போகலாம்," என்று நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தாள்.

ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கான மணியடித்தால் லயமே வந்துவிடும். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் போய்ப் பார்க்காதவர் தோட்டத்தில் மனுசரே இல்லை. கையில் பிஸ்கட், கண் கட்டிலைச் சுற்றி. முதல்நாளே பக்கத்து வீட்டு அருள்செல்வி ஆரம்பித்தாள்.

"ஏன்டி கோகிலா, தேத்தண்ணியா தொங்குது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கோகிலாவுக்குக் காது சுட்டது.

மறுநாளிலிருந்து மணியடித்ததும் பையைத் தூக்கிப் போர்வைக்குள், மாமாவின் வயிற்றுமேல் வைத்துவிடுவாள். எல்லாரும் போனபின் கீழே தொங்கவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்தேயென்று தேய்ப்பாள். தன்னைப்போலச் சுத்தம் யாருண்டு என்ற நினைப்பு வேறு.

ஒரு காலை இருளப்பனுக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. மருமகளைப் பார்த்து, "கங்காணி, மழை வருதுங்க, ரப்பர் பால் எல்லாம் வீணாப்போகுது," என்றார்.

ஊசி ஏற்றினார்கள். பகல் மணியடித்தது. பழக்கத்தில் கோகிலா பையைத் தூக்கியதை மிஸ்ஸி பார்த்துவிட்டாள்.

"அனே! இத மேல வைக்கலாமா? பையில உள்ளது திரும்ப உள்ளுக்குத்தானே போகும்! எத்தன நாளா இந்த வேல?"

கோகிலா பையைச் சட்டென்று கீழே இறக்கினாள். காய்ச்சலைக் கொண்டுவந்தது பூனையுமில்லை, துப்பல் கிண்ணமுமில்லை. அந்த அசிங்கத்தையெல்லாம் கிழவருக்குள் திருப்பி ஊற்றியது இந்தச் சவர்க்காரக் கைதான்.  இதற்கு எந்த மூக்கைப் பொத்துவது?

"மருந்து கேக்குமா மிஸ்ஸி?"

"நாளைக்குத்தான் தெரியும்."

அதற்குள் லயம் வந்துவிட்டது. மாமா காலை உதைத்தார். குழாய் இழுபடாமல் பையைப் பிடித்துக்கொண்டு, கோகிலா அந்த அழுக்குத் தரையில் குந்தியிருந்தாள்.

"இன்னிக்கும் தேத்தண்ணிதானா?" என்றாள் அருள்செல்வி.

"வெளிச்சத்துக்கு நல்லாக் குனிஞ்சு பாருங்கக்கா. அன்னிக்குப் பாத்ததவிட கலங்கியிருக்கா?"

அருள்செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.