சனிக்கிழமைச் சோறு

சித்தூரில் பஸ் ஏறியதிலிருந்து சுந்தரம்மா மகளின் பின்னலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கன்னிகா அதை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் சில மணி நேரத்தில் திருப்பதி மலைமேல் அதை இறக்கிவிடப் போகிறார்கள்.

"கனடாவுல தலைக்கு எண்ணெ வெக்கிறியா இல்லியா? நாரு மாதிரி கீது."

"வெக்கிறேம்மா."

"பொய்யி."

அம்மா சும்மாதான் சொன்னாள். ஆனாலும் கன்னிகா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளும் கணவன் தனசேகரும் கனடாவின் வின்னிபெக்குக்கு விமானம் ஏறிய அன்றே சுந்தரம்மா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். போன இடத்தில் இவர்கள் நிலைத்தால் மகளின் முடியை ஏழுமலையானுக்குக் கொடுப்பதாக வேண்டுதல். அடுத்தவர் தலையை வேண்டிக்கொள்ள அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அது நிறைவேறும்வரை சனிக்கிழமைகளில் சோறு தொடுவதில்லை என்றும் அவள் சேர்த்துக்கொண்டாள்.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது நிலத்தடியில் ஓர் அறை. ஜன்னல் வழியே பனியும் பூட்ஸ் கால்களும் மட்டும் தெரியும். கன்னிகா படித்தது கம்ப்யூட்டர். கிடைத்த வேலை ஒரு பெரிய கடையின் ரொட்டிப் பிரிவில். விடியுமுன் மாவுத் தட்டுகளை அடுப்பில் தள்ள வேண்டும். தனசேகர் கிடங்கில் பெட்டி அடுக்கினான். நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மூன்றாவது தடவையில் அவளுக்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் கிடைத்தது. அன்று நண்பரின் காரில் ஏரிவரை போய், உறைந்து கிடந்த தண்ணீரின்மேல் இருவரும் நடந்தார்கள். அதிகாலை பஸ் டிரைவர் அவள் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகியிருந்தார். அப்படி நாலு நாள் சேர்ந்தாற்போல் போனால், ஊர் கொஞ்சம் தன்னுடையது மாதிரி இருக்கும். பிறகு ஒரு கடிதம் வரும். நிரந்தரமாகத் தங்க இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் இல்லையென்று வந்துவிட்டது. கையிலிருக்கும் அனுமதி மார்ச்சோடு முடிகிறது.

இரண்டாவது கடிதம் வந்த வாரம்தான் தம்பி சிரஞ்சீவி போன் செய்தான். சனிக்கிழமை வெயிலில் அம்மா பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்துவிட்டாள். டாக்டர் சொல்லியும் சாப்பிட மறுக்கிறாள்.

அன்று கன்னிகா அம்மாவிடம் சொன்னாள்: "எங்களுக்கு இங்க நெலையாயிடுச்சும்மா."

அடுத்த சனிக்கிழமை தம்பி ஒரு படம் அனுப்பினான். அம்மாவின் முன்னால் ஒரு தட்டு, ரசம் சோறு. கடையின் உடை மாற்றும் அறையில் கன்னிகா அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றிருந்தாள்.

இப்போது ஒரு வருஷம் கழித்து, தம்பி கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள். கல்யாணம் முடிந்த கையோடு அம்மா மஞ்சள் முடிச்சை எடுத்து, திருப்பதிக்குப் புறப்படச் சொன்னாள். "முடிதானே, வளரும். அத்தை நிம்மதியா இருக்கட்டும்" என்று தனசேகர் போனில் சொன்னான். முடி வளரும்தான். ஆனால் வேண்டுதலைச் செலுத்திவிட்டால் கேட்டது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர்களுக்காகக் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

முடி இறக்கும் கூடத்தில் டோக்கனும் பிளேடும் கொடுத்தார்கள். அவர்கள் எண்ணுக்கு ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"மொட்டையா, மூணு கத்திரிப்பா?"

"மொட்டைதான்," என்றாள் சுந்தரம்மா. "பொண்ணு கனடாவுல நெலையாயிட்டா. சாமி முழுசா குட்த்தாரு, நாம மூணு முடி குட்த்தா நல்லாவா கீது?"

அந்தப் பெண் பின்னலை அவிழ்த்துத் தலையில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். தண்ணீர் கழுத்து வழியே முதுகில் இறங்கியது.

"எம் பொண்ணும் வெளிநாடு போறேன்னு உயிர எடுக்கறா. அங்க எப்டிமா கீது?"

மூன்று வருஷத்தில் கன்னிகாவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லாம் பதிலையும் கையோடு கொண்டுவந்தவர்கள். கத்தி நெற்றியைத் தொட்டது.

"கொஞ்சம் இருங்கக்கா," என்றாள். "எங்களுக்கு இன்னும் ஆவல."

"இன்னாடி ஆவல?" என்றாள் சுந்தரம்மா.

"ரெண்டு வாட்டி இல்லன்ட்டாங்கம்மா. நீ மயங்கி உழுந்தப்ப பொய் சொல்ட்டேன்."

பக்கத்தில் ஒரு குழந்தை மொட்டை போட மாட்டேன் என்று அலறிக்கொண்டிருந்தது. கத்தி பிடித்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எடுக்கறதா, உட்றதாம்மா? பின்னால ஜனம் நிக்குது."

"உட்டுடு," என்றாள் சுந்தரம்மா.

வெளியே வந்து நெடுந்தூரம் நடந்தார்கள். கன்னிகாவின் ஈரத் தலை சொட்டிக்கொண்டே வந்தது.

"ஒரு வருசம்," என்றாள் அம்மா கடைசியில். "சனிக்கெழம சனிக்கெழம துன்னுக்கினு கீறேன். ரசம் ஊத்தி துன்னேன். தம்பிக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல கேசரி வேற, ரெண்டு வாட்டி வாங்கி துன்னேன்டி."

"அம்மா..."

"இன்னிக்கி சாமிக்கு எந்த மூஞ்சிய காட்றது? வா."

கோபுரம் தெரிந்த இடத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டாள். மஞ்சள் முடிச்சை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சித்தூர் பஸ்ஸில் கன்னிகா புளிச்சோற்று டப்பாவைத் திறந்து நீட்டினாள். முடி கொடுத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று விடியற்காலையில் அம்மா கிளறியது. சுந்தரம்மா அதை அவள் பக்கமே தள்ளினாள். அன்று சனிக்கிழமை.

"டாக்டர் சொன்னாரில்ல?"

"பாலு குடிச்சுக்கறேன். டாக்டரு கைல நான் பேசிக்கிறேன்."

"அப்ப நானும் துன்னல."

"ரெண்டு பேரும் பட்டினி கெடந்தா யாரு இன்னா கேக்கறாங்கன்னு சாமிக்கே கொழம்பிடும். துன்னு. நாளான்னிக்கி பிளேன் ஏறணும்."

கன்னிகா சாப்பிட்டாள். அம்மா அவள் தலையைத் திருப்பி, ஈரமாகவே மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள்.

"மார்ச்சுக்குள்ள எத்தினி சனிக்கெழம கீது?"

சோறு ஒட்டியிருந்த விரல்களிலேயே கன்னிகா எண்ணினாள்.

"இருபத்திரெண்டும்மா."

சுந்தரம்மா பின்னல் நுனியில் ரப்பர் பேண்டை இன்னொரு சுற்று சுற்றினாள்.